ரவுட்டர் வேகமும் பக்கேஜ் வேகமும்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்தவர்கள் கேட்பதில் முக்கால்வாசி இதுதான்: நான் கட்டுகிற காசுக்குரிய வேகம் ஏன் என் போனில் தெரியவில்லை? காசைக் கூட்டிக் கட்டுவதற்கு முன், வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதற்காகத்தான். பெரிய பக்கேஜும் விலை கூடிய ரவுட்டரும் சில வீடுகளுக்கு உண்மையாகவே தேவை. பல வீடுகளுக்குத் தேவையில்லை.

ரவுட்டர் பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் என்று அச்சடித்திருக்கிறது. என் பக்கேஜ் 100 எம்பிபிஎஸ். எனக்கு எது கிடைக்கும்?

இன்டர்நெட்டில் 100க்கு மேல் கிடைக்காது. எம்பிபிஎஸ் என்பது செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்று வேகத்தைச் சொல்லும் அளவு. பக்கேஜ் வேகம் என்பது நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை வருகிற வழியின் வேகம். ரவுட்டர் வேகம் என்பது அந்தப் பெட்டியிலிருந்து போன், டிவி, லப்டொப் வரை வீட்டுக்குள்ளே காற்றில் போகிற வழியின் வேகம். ஒரு வீடியோ உங்கள் கைக்கு வந்து சேர இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டில் எது ஒடுக்கமோ அதுதான் உங்கள் வேகம்.

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2013இல் புதுப் பாலம் திறக்கப்படும் வரை, ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும் மட்டும் மறுபக்கத்து வாகனங்கள் காத்து நின்றன. இரண்டு கரையிலும் வீதியை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்தக் காத்திருப்பு குறைந்திருக்காது.

இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். பக்கேஜ் 100 இருந்தும், மூன்று சுவர் தள்ளியிருக்கிற அறையில் வைஃபை 20தான் கொடுக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 300 பக்கேஜுக்கு மாறினாலும் அந்த அறையில் 20தான் வரும். சனத்தின் காசு அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான்.

அந்த 1200 என்ற எண் எப்படி வந்தது? பொய்யா?

பொய் இல்லை, ஆனால் கூட்டிச் சொன்ன கணக்கு. ஏசி1200 என்று விற்கப்படும் ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஆகக்கூடியது 300, 5 கிகாஹேர்ட்ஸில் ஆகக்கூடியது 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதை முழு எண்ணாக்கி 1200 என்று போடுகிறார்கள். உங்கள் போன் வழக்கமாக ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும். ஆகவே கூட்டுத்தொகை எந்த ஒரு போனுக்கும் கிடைப்பதில்லை.

அப்புறம் அந்த 867உம் ஆய்வுகூடக் கணக்குத்தான். வைஃபையில் ஒரு கருவி பேசும்போது அதே சனலில் (அலைவரிசைக்குள் உள்ள ஒரு பாதை) மற்றவை பேசாமல் காத்திருக்க வேண்டும். அனுப்பியது சேர்ந்ததா என்ற பதிலுக்கும் நேரம் போகும். நல்ல போன், ரவுட்டருக்குப் பக்கத்தில், குறுக்கே சுவர் இல்லை என்றாலும் எழுதிய எண்ணில் பாதிக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் கையில் வரும். விலை குறைந்த போன் பலவற்றில் வைஃபை அன்டெனா ஒன்றுதான் இருக்கும். அவற்றில் இன்னும் பாதி. ரவுட்டர் எவ்வளவு நல்லதானாலும் போனின் எல்லையைத் தாண்ட முடியாது.

இருந்தாலும் அந்தப் பெரிய எண்ணால் ஒரு பயன் உண்டு. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் அனுப்புவது, கமரா பதிவுகளைப் பார்ப்பது போன்றவை இன்டர்நெட் பக்கமே போவதில்லை. அங்கே பக்கேஜ் வேகம் ஒரு தடை இல்லை.

100 எம்பிபிஎஸ் என்கிறார்கள், டவுன்லோட் செய்யும்போது 12 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நிறுவனங்கள் மெகாபிட்டில் சொல்கின்றன. டவுன்லோட் காட்டும் பெட்டி மெகாபைட்டில் சொல்கிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ 8ஆல் பிரித்தால் 12.5. ஆகவே 12 என்று காட்டினால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. 1 ஜிபி கோப்பு ஒன்று இறங்க ஏறக்குறைய 80 செக்கன் எடுக்கும்.

சரி, எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு லப்டொப்பும் ஒரு லேன் கேபிளும் வேண்டும். லப்டொப் இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு மாலை இரவல் வாங்குங்கள், அந்த அளவுக்கு இது பயனுள்ள வேலை.

முதலில் வீட்டில் உள்ள மற்றப் போன்களின் வைஃபையை நிறுத்துங்கள். டிவியையும் நிறுத்துங்கள். லப்டொப்பை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து, லப்டொப்பின் வைஃபையையும் மறக்காமல் நிறுத்திவிட்டு, ஸ்பீட் டெஸ்ட் ஒன்று செய்யுங்கள். இந்த எண் நிறுவனம் உங்களுக்கு உண்மையில் தருகிற வேகம். இங்கே வைஃபைக்குப் பங்கே இல்லை.

பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டரிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில் போனை வைத்துக்கொண்டு வைஃபையில் செய்யுங்கள். அதன்பின் நீங்கள் வழக்கமாகப் பாவிக்கிற அறைக்குப் போய் அங்கே, கதவைச் சாத்திவிட்டு, செய்யுங்கள். கதவு திறந்திருந்தால் நல்ல எண் வரும், ஆனால் இரவில் நீங்கள் கதவைத் திறந்து வைத்துப் படுப்பதில்லையே.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேபிளிலேயே குறைவு என்றால் நிறுவனத்தோடு கதைக்க வேண்டும். ரவுட்டரை மாற்றி அநேகமாகப் பயன் இல்லை. கேபிளில் நன்றாக இருந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைஃபையில் விழுகிறது என்றால் ரவுட்டர் பழையது அல்லது போன் பழையது. இன்னொரு போனில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் விழுகிறது என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்றாவதுதான் இருக்கிறது.

ஒரே நாளில் செய்து முடிவுக்கு வராதீர்கள். காலையில் ஒருமுறை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, வேறொரு நாளிலும் ஒருமுறை பாருங்கள். டேட்டா அளவுள்ள பக்கேஜ் என்றால் வேகமான இணைப்பில் ஒரு டெஸ்ட்டே நூறு எம்பிக்கு மேல் சாப்பிடக்கூடும். ஆகவே சும்மா விளையாட்டுக்கு அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

கேபிளில் எப்போதும் 94க்கு மேல் போவதே இல்லை. ஏன்?

பக்கேஜ் 100ஐ விடப் பெரியதாக இருந்து இப்படி நடந்தால், ரவுட்டரின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகை. அந்த வகையில் கையில் வருவது 94 அளவுதான். விலை குறைந்த ஏசி1200 ரவுட்டர் பலவற்றில் காற்றில் 867 என்று எழுதியிருக்கும், பின்னால் இருக்கிற துளை 100தான். வாங்கும்போது கிகாபிட் துளை, அதாவது 1000 எம்பிபிஎஸ் வகை, இருக்கிறதா என்று கேளுங்கள்.

துளை கிகாபிட் ஆக இருந்தும் 94 என்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் 100க்கு இறங்கிவிடும். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்றில் இந்த முனைகள் பச்சை பிடிக்கும், முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும்.

வைஃபை பெயர் இரண்டு காட்டுகிறது, ஒன்றில் 5ஜி என்று இருக்கிறது. எதில் இணைவது?

முதலில், அது கைத்தொலைபேசியின் 5ஜி இல்லை. 5 கிகாஹேர்ட்ஸ் என்பதன் சுருக்கம்.

ரவுட்டர் இருக்கிற அறையிலும் அடுத்த அறையிலும் 5இல் இணையுங்கள். வேகம் கூட, இடைஞ்சல் குறைவு. ஆனால் அது சுவரைத் தாண்டக் கஷ்டப்படும். இரண்டு மூன்று சுவருக்கு அப்பால் 2.4தான் உதவும்.

2.4இல் உள்ள சிக்கல் அயலவர்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற மதிலோடு மதில் ஒட்டிய ஊர்களில் போனைத் திறந்தால் இருபது பெயர் காட்டும். அந்த இருபதும் இந்த மூன்று சனலுக்குள் நெரிபடுகின்றன. அங்கே ரவுட்டர் எவ்வளவு புதிதானாலும் 2.4இல் மாலையில் வேகம் விழத்தான் செய்யும். சனல் காட்டும் இலவச செயலி ஒன்றைப் போட்டு, மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை ரவுட்டரில் தெரிவு செய்யுங்கள். 3, 4, 8 என்று இடையில் போடாதீர்கள், இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கு வரும். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வைத்திருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45இல்தான் வேலை செய்கிறது. குசினியில் சோறு சூடாக்கும்போது மட்டும் வீடியோ நிற்கிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

லைன் இழுக்க வருபவர்கள் பெரும்பாலும் வீதிப் பக்கத்துச் சுவரில், கம்பி முடிகிற இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அப்போது சிக்னலில் பாதி விறாந்தைக்கும் வீதிக்கும் போகிறது. முடிந்தால் ஆரம்பத்திலேயே, வீட்டின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு மாற்றுவதை விட அன்றைக்கே கேட்பது சுலபம்.

நிலத்தில் வைக்காமல் ஓர் ஆள் உயரத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்கு அருகில், மீன் தொட்டிக்கு அருகில் வேண்டாம். இரும்பு சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும். மேல்மாடி இருக்கிற வீடுகளில் இடையில் உள்ள கொங்கிறீட் தட்டுத்தான் பெரிய எதிரி, அதற்குள் முழுக்க இரும்புக் கம்பி. படிக்கட்டுத் துவாரத்துக்கு அருகில் வைத்தால் மேலே கொஞ்சம் ஏறும். காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய திருத்தம் இதுதான், அதனால் எல்லோருக்கும் முதலில் இதையே சொல்கிறேன்.

பின் அறைக்கு ரிப்பீட்டர் வாங்கலாமா?

வாங்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். இன்னொன்று, அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகுகிறார்கள். நல்ல சிக்னல் இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும். வாங்குவதற்கே நல்லது இல்லாவிட்டால் அது எதைக் கொடுக்கும்?

என் விருப்பம் எப்போதும் கேபிள்தான். ரவுட்டரிலிருந்து பின் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பொயின்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக) மாற்றி வைத்தால், அந்த அறைக்கும் ஏறக்குறைய முழு வேகம் வரும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குழாய் விட்டுவையுங்கள்.

எங்களிடம் ஃபைபர் (கண்ணாடி நார் இணைப்பு) இல்லை, சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்தான். இதே கணக்கா?

வீட்டுக்குள்ளே அதே கணக்கு. வெளியே வேறு. படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை போன்ற இடங்களில் கம்பி போகாத வீடுகளுக்கு 4ஜிதான் வழி. இதில் பக்கேஜ் வேகம் என்று சொல்லப்படுவது உச்சம் மட்டுமே. டவர் எவ்வளவு தூரம், இடையில் எத்தனை மரம், அந்த டவரில் அந்த நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மணிக்கு மணி மாறும்.

ஆகவே இங்கே ரவுட்டரை வீட்டின் நடுவில் வைக்கச் சொல்ல மாட்டேன். டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலில், உயரமாக வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். கழித்தல் 80, 90 என்றால் நல்லது. கழித்தல் 110க்குக் கீழே போனால் பலவீனம். இடத்தை மாற்றி மாற்றி அந்த எண்ணைப் பாருங்கள், ஒரு ஜன்னலுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். வெளியே பொருத்தும் அன்டெனாவுக்குத் துளை இருக்கிற ரவுட்டர் என்றால், கூரைக்கு மேலே ஓர் அன்டெனா வைப்பது விலை கூடிய ரவுட்டரை விட அதிகம் உதவும்.

பழைய தொலைபேசிக் கம்பியில் வருகிற இணைப்பு என்றால்?

ஏடிஎஸ்எல்2+ கம்பியின் உச்சமே 24 எம்பிபிஎஸ், அதுவும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில். தூரம் கூடக் கூடக் குறையும். உங்கள் வீதிக்கு ஃபைபர் வந்திருந்தால் மாறிவிடுங்கள். அதுவரை ரவுட்டரில் காசு போடாதீர்கள்.

நாங்கள் கிழக்கில் இருப்பதால்தான் மெதுவா? கொழும்பில் வேகமாக இருக்கிறதே.

தூரம் காரணம் இல்லை. இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன என்பது உண்மைதான். சீ-மீ-வீ 4 கொழும்பில், சீ-மீ-வீ 5 மாத்தறையில். நமது பக்கத்துப் போக்குவரத்து அங்கே தரைவழியாகப் போக வேண்டும். ஆனால் கண்ணாடி நாரில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீதியால் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். போய்த் திரும்ப மூன்று நான்கு மில்லிசெக்கன். கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு துளி. ஒப்பிட்டுப் பார்க்க, சிங்கப்பூர் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். அங்கே போய்வர நேர்கோட்டிலேயே 27 மில்லிசெக்கன், நடைமுறையில் அதைவிடக் கூட.

வித்தியாசம் இருந்தால் அது உங்கள் ஊருக்கு வந்திருக்கும் இணைப்பின் வகையிலும், அதைப் பங்கிடும் ஆட்களின் எண்ணிக்கையிலும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவது நமது உரிமை. "கிழக்கு என்றால் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இரவில் மட்டும் மெதுவாகிறது.

ஃபைபரிலும் பங்கு உண்டு. பரவலாக உள்ள ஜிபொன் முறையில் ஒரு நாரில் வரும் ஏறக்குறைய 2.5 கிகாபிட்டைப் பல வீடுகள் பிரித்துக்கொள்கின்றன. ஆனாலும் அது பெரிய அளவு. 4ஜியில் இரவு நெரிசல் அதைவிட மோசம். கேபிளில் பார்த்தும் இரவில் விழுகிறதா, வைஃபையில் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். வைஃபையில் மட்டும் என்றால் அயலவர் நெரிசல், மேலே சொன்ன சனல் விடயம்.

மாதம் பாதி போன பிறகு எல்லாமே மெதுவாகிவிட்டது. ரவுட்டர் பழுதா?

முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். நம் நாட்டில் பல பக்கேஜ்கள் அளவு முடிந்ததும் இணைப்பை வெட்டாமல் வேகத்தைக் குறைத்துவிடும். பழுது போலவே தெரியும்.

வேகமான பக்கேஜ் எடுத்தால் டேட்டா சீக்கிரம் முடியுமா?

வேகம் தானாக டேட்டாவைத் தின்னாது. அதே தரத்தில் அதே படத்தைப் பார்த்தால் அதே டேட்டாதான். ஆனால் இணைப்பு வேகமாக இருந்தால் வீடியோ செயலிகள் தாமாகவே தரத்தைக் கூட்டிவிடும். செக்கனுக்கு 5 மெகாபிட் வீடியோ ஒரு மணித்தியாலத்தில் 2.25 ஜிபி. 15 மெகாபிட் 4கே வீடியோ 6.75 ஜிபி. பிள்ளைகள் பார்க்கும் டிவியில் தரத்தை 720இல் பூட்டிவிடுங்கள், படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

ஸ்பீட் டெஸ்ட் நன்றாகக் காட்டுகிறது. ஆனால் மகளின் சூம் வகுப்பும், கட்டாரில் இருக்கிறவரோடு வீடியோ கோலும் தடுமாறுகின்றன.

வீடியோ கோலுக்குப் பெரிய டவுன்லோட் வேண்டாம். இரண்டு பக்கமும் 3 எம்பிபிஎஸ் அளவு போதும். அது கேட்பது வேறு: மேலே அனுப்பும் வேகம், அதாவது அப்லோட், நிலையாக இருக்க வேண்டும், பிங், அதாவது ஒரு செய்தி போய்ப் பதில் திரும்பி வர எடுக்கும் நேரம், துள்ளக் கூடாது. வீட்டில் யாரோ ஒருவரின் போன் கல்யாணப் படங்களைப் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோட் முழுதும் அடைபட்டு, கோல் திக்கும். டெஸ்ட் செய்யும்போது பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல் அப்லோடையும் பிங்கையும் பாருங்கள். படங்கள் ஏறுவதை இரவு பதினொரு மணிக்குப் பிறகு மாற்றி வையுங்கள். ரவுட்டரில் முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் வகுப்பு நடக்கும் கருவிக்குக் கொடுங்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலம் தடையில்லாமல் கிடைப்பது, வீட்டில் மற்ற எல்லோரின் வீடியோவையும் விடப் பெரிது.

அப்படியானால் எங்கள் வீட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

நெட்ஃபிளிக்ஸ் 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 என்று சொல்கிறது. இரண்டு டிவி 1080இல், ஒரு சூம் வகுப்பு, மூன்று போன்கள் என்று ஒரே நேரத்தில் ஓடினாலும் 30 தாண்டுவது கடினம். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு, நிலையாக வரும் 50 தாராளம். வீடியோ எடிட் செய்து அனுப்புபவர்கள், பெரிய கோப்புகள் ஏற்றுபவர்கள் மட்டும் அப்லோட் கூடிய பக்கேஜைத் தேடுங்கள்.

புது ரவுட்டர் எப்போது வாங்குவது?

உங்கள் ரவுட்டரில் 2.4 மட்டும் இருந்து, பக்கேஜ் 50க்கு மேல் என்றால் வாங்குங்கள். இரண்டு அலைவரிசை, கிகாபிட் துளை, முடிந்தால் வைஃபை 6 என்ற புதிய வகை. ஃபைபர் வீடுகளில் நிறுவனப் பெட்டியை அகற்ற வேண்டியதில்லை, புது ரவுட்டரை அதோடு கேபிளால் இணைத்தால் போதும். எட்டு அன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள்.

முறைப்பாடு செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

"இன்டர்நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், அத்தோடு முடியும். "லேன் கேபிளில், மற்றக் கருவிகள் எல்லாம் நிறுத்திய நிலையில், மூன்று நாள் இரவு 9 மணிக்கு இவ்வளவுதான் வந்தது, காலையில் இவ்வளவு வந்தது" என்று சொல்லி, டெஸ்ட் முடிவுகளின் ஸ்கிரீன்ஷொட்களையும் அனுப்புங்கள். டேட்டா மீதி இருக்கிறது என்பதையும் சேருங்கள். ஃபைபர் பெட்டியில் லொஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அது எரிந்தால் நாரில்தான் பிழை, ஆள் வந்துதான் தீர வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் அந்த இலக்கத்தோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம்.